நெல்லையில் எச்.ஆர். வேலை: மாநிலத் தொழிலாளர் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடிக்க முழு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு நிறுவனம், பேர் வேண்டாம். பி.எஃப். சலான், ஈ.எஸ்.ஐ. சலான் எல்லாவற்றையும் மாத வரிசையில் ஃபைல் போட்டு வைத்திருந்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த ஃபைலைத் தொடவே இல்லை. "மே ஒண்ணாம் தேதி கடை திறந்திருந்துச்சு போல. வேலை பார்த்தவங்களுக்கு என்ன கொடுத்தீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டையும் மறக்க முடியாது. 15-ம் தேதி தாண்டினால் போர்ட்டலே வட்டி போட்டுக் காட்டிவிடும். மாநிலச் சட்டங்களுக்கு அப்படி மணியடிக்க ஆளில்லை. நம் பக்கத்தில் நிறுவனங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் 20 ரூபாய், 40 ரூபாய் கட்டணத்திலும், ஒட்ட மறந்த ஒரு தாளிலும்தான்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. உடனே "பழசெல்லாம் போச்சு" என்று ஒரு பேச்சு கிளம்பியது. போனது மத்தியச் சட்டங்கள். கடைகள் நிறுவனங்கள் சட்டம், தேசிய பண்டிகை விடுமுறைச் சட்டம், நிரந்தரத் தகுதிச் சட்டம், பிழைப்பூதியச் சட்டம், தொழிலாளர் நல நிதிச் சட்டம் எல்லாம் தமிழக சட்டமன்றம் இயற்றியவை. அவை அப்படியேதான் இருக்கின்றன.

முதல் படி: உங்கள் கூரைக்கு எந்தச் சட்டம்?

டவுனில் ஒரு அல்வாக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் விற்பனை மட்டும் என்றால் 1947-ம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டம். அதே இடத்தில் நாலு மேஜை போட்டு டிபன் கொடுத்தால் 1958-ம் ஆண்டு உணவு நிறுவனங்கள் சட்டம் உள்ளே வருகிறது. பின்பக்கம் மின்சாரத்தில் ஓடும் இயந்திரங்களோடு பெரிய தயாரிப்புக்கூடம் இருந்து ஆள் எண்ணிக்கையும் எட்டிவிட்டால் அது தொழிற்சாலை. அதற்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்ற தனித் துறை. முதலாளிக்கு எல்லாம் ஒரே கடைதான். நமக்கு மூன்று.

அடுத்து யாருடைய அதிகாரம் என்று பாருங்கள். வங்கி, ரயில்வே, சுண்ணாம்புக்கல் சுரங்கம், கூடங்குளம் அணுமின் நிலையம் போன்றவற்றுக்கு மத்திய அரசின் தொழிலாளர் துறைதான் பேசும். கூடங்குளத்தில் கான்ட்ராக்ட் எடுத்து ஆள் அனுப்புகிற பாளையங்கோட்டை நிறுவனம், அந்த ஆட்களுக்கான மனுவை மாநில அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். மாவட்ட எல்லையும் முக்கியம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆலங்குளத்திலோ சங்கரன்கோவிலிலோ கிளை இருந்தால் அதன் தாள்கள் தென்காசிக்குப் போகவேண்டும்.

பிறகு தலை எண்ணுங்கள். 5 பேர் இருந்தால் தொழிலாளர் நல நிதி. 10 பேர் வந்தால் ஈ.எஸ்.ஐ., பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள் குழு, கடைச் சட்டப் பதிவு மூன்றும் சேர்ந்து வரும். 20 பேருக்கு பி.எஃப். 50 பேருக்குக் குழந்தைகள் காப்பகமும், கீழே சொல்லப்போகும் நிரந்தரத் தகுதிச் சட்டமும். எண்ணும்போது செக்யூரிட்டி, கூட்டிப் பெருக்குகிற அம்மா, ஏஜென்சி மூலம் வந்த பில்லிங் பையன் எல்லோரையும் எழுதுங்கள். "அவங்க நம்ம ஆள் இல்லை" என்பதைப் பிறகு சட்டம் பார்த்துத் தீர்மானிக்கலாம். எழுதும்போதே விட்டுவிட்டால் பின்னால் சமாளிக்க முடியாது.

பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பல்லாண்டு காலம் கடைச் சட்டத்தில் பதிவு என்ற நடைமுறையே இல்லை. 2018-ல் திருத்தம் வந்தது. அமலானது 2024 டிசம்பர் 2-ல்தான். 10 பேரோ அதற்கு மேலோ வைத்து ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நிறுவனங்களுக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது. இன்னும் செய்யாதவர்கள் இதை வாசித்து முடித்ததும் தொழிலாளர் துறை இணையதளத்தைத் திறந்துவிடுங்கள்.

அப்படியே வாசலில் போய்ப் பெயர்ப்பலகையையும் பாருங்கள். தமிழ் பெரிதாக, முதலில் இருக்கவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்ற அளவு. சென்னைத் தலைமையகம் அனுப்பிய பலகையை அப்படியே மாட்டிவிட்டு அபராதம் கட்டுகிற கிளைகள் உண்டு.

இரண்டாம் படி: ஆர்டர், சம்பளம்

வேலை நியமனக் கடிதம் எல்லோருக்கும் கொடுத்தாகவேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. "நம்ம ஊர்க்காரப் பையன், நம்பி வந்திருக்கான், பேப்பர் எதுக்கு?" என்ற பேச்சு இனி எடுபடாது. கடிதத்தைத் தமிழிலேயே கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், நாளைக்குத் தகராறு வரும்போது அந்தத் தாள் உங்களுக்குப் பெரிதாக உதவாது.

குறைந்தபட்ச ஊதியத்தில் நடக்கும் தவறு ஒரே வகைதான்: போன வருடத் தொகையையே இந்த வருடமும் போடுவது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வேலைவகைக்கும் அரசாணை தனி. அதில் அடிப்படை ஊதியம் நிலையாக இருக்கும். அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டைப் பொறுத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் மாறும். மார்ச் கடைசி வாரத்தில் காலண்டரில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைத் துண்டு போடும் கலைக்கும் முற்றுப்புள்ளி வந்துவிட்டது. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய். அடிப்படை 7,000, வீட்டு வாடகைப்படி 8,000, போக்குவரத்துப்படி 5,000 என்று பிரித்திருக்கிறீர்கள். படிகள் மொத்தம் 13,000. புதிய தொகுப்பின்படி, மொத்தத்தில் பாதியான 10,000-ஐத் தாண்டிய 3,000 ரூபாய் மறுபடி ஊதியத்தோடு சேரும். ஆக, சட்டத்தின் கணக்கில் அவர் ஊதியம் 10,000. கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) மற்ற கணக்குகளும் இதிலிருந்துதான் தொடங்கும்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் போய்விடவேண்டும். வாரக்கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலைநாளில். ஆள் வேலையை விட்டாலோ, நீக்கப்பட்டாலோ, பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள். "அடுத்த மாசம் பத்தாம் தேதி வந்து செட்டில்மென்ட் வாங்கிக்கோ" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது கஷ்டம்தான். அக்கவுண்ட்ஸ் பிரிவோடு இப்போதே உட்கார்ந்து பேசி வழியை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நேரமும் லீவும்

கடைச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் இரட்டைச் சம்பளம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது நினைவிருக்கும். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மே தினத்தன்றே முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நிறைவேறியது மட்டும் காதில் விழுந்து, வாபஸ் ஆனது விழாத மேனேஜர்களை இன்றைக்கும் சந்திக்கிறேன்.

வார விடுமுறையைக் கேட்டால் முகம் சுளிக்கிற முதலாளிகளுக்கு நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வோடு ஞாயிற்றுக்கிழமை லீவும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. நூறு வருடத்துக்கு முன்னாலேயே இந்த மண்ணில் பேசி முடித்த விஷயம் இது, அண்ணாச்சி, என்பேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள்.

லீவு விஷயத்தில் மற்ற மாநிலச் சட்டங்களை வைத்துத் தயாரித்த கம்பெனி பாலிசியை நம்பாதீர்கள். நம் கடைச் சட்டத்தில் ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அது போக உடல்நலக்குறைவுக்கு 12, தற்செயல் விடுப்பு 12. பெங்களூர் தலைமையகத்தின் பாலிசி எதுவாக இருந்தாலும், பாளையங்கோட்டைக் கிளையில் இதற்குக் குறைய முடியாது.

நான்காம் படி: பண்டிகை விடுமுறைப் பட்டியல்

என்னை மாட்டிவிட்ட படி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1958-ம் ஆண்டுச் சட்டம் வருடத்துக்கு 9 நாள் கேட்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் மாறாது. மீதி 5 பண்டிகை நாட்கள். இந்த ஐந்தைத் தேர்வு செய்வதில்தான் எச்.ஆரின் திறமை தெரியும். பொங்கல், தீபாவளி இரண்டும் கேள்வியில்லாமல் வந்துவிடும். மீதி மூன்று?

மேலப்பாளையத்து ஆட்கள் கணிசமாக இருந்தால் ரம்ஜான் இல்லாமல் பட்டியல் போட முடியாது. பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் அன்று திறந்து வைத்தால் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அப்புறம் பங்குனி உத்திரம். வெளியூரிலிருந்து வந்த மேனேஜர்களுக்கு இதன் கனம் புரியாது. நம் பக்கத்தில் அன்றைக்குக் குடும்பம் மொத்தமும் சாஸ்தா கோயிலுக்குப் போகும். சென்னையில் இருக்கிறவனே பஸ் பிடித்து வருவான். வண்ணாரப்பேட்டையில் இருக்கிறவன் உங்கள் கடைக்கு வருவானா? அன்றைக்கு விடுமுறை கொடுக்காமல், வராதவர்களுக்கு மெமோ அடித்துக் கையெழுத்துக் கேட்டு அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த வருடம் அவரே பட்டியலை மாற்றினார்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும். தனியார் நிறுவனத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. உங்கள் ஐந்தில் அதைச் சேர்த்திருந்தால்தான் சட்டப்படி விடுமுறை. டவுன் ரத வீதிகளில் கடை இருந்தால் சேர்த்துவிடுவது நல்லது. தேர் வரும்போது யார் வியாபாரம் பார்க்கப்போகிறார்கள்?

வழிமுறை சுலபம். நவம்பரில் ஊழியர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். யார் யார் என்ன கேட்டார்கள் என்று குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிசம்பர் முடிவதற்குள் அடுத்த ஆண்டுப் பட்டியலைத் தொழிலாளர் ஆய்வாளருக்கு அனுப்பி, ஒப்புகையோடு ஒரு பிரதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

அந்த நாட்களில் வேலை வாங்கவே கூடாதா? வாங்கலாம். முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நகலை ஆய்வாளருக்கும் அனுப்பவேண்டும். வேலை பார்த்தவர் இரட்டைச் சம்பளம் வாங்கலாம், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை நாள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்பதைத் தீர்மானிப்பது ஊழியர். அந்த விருப்பத்தையும் எழுதி வாங்கி வையுங்கள். எங்கள் ஃபைலில் இல்லாமல் போன தாள் இதுதான்.

ஐந்தாம் படி: 480 நாள்

1981-ம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம். 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. ஆர்டர் கொடுத்தீர்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. பருவகாலத் தொழில்களுக்கும் 50 பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் இது பொருந்தாது. மற்றவர்கள் தப்ப முடியாது. இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் உறுதிசெய்த வழக்கின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: தமிழ்நாடு அரசு எதிர் நெல்லை காட்டன் மில்ஸ்.

பேட்டை, கங்கைகொண்டான் பக்கத்து ஆலைகளில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு. 450 நாள் வந்ததும் "ரெண்டு மாசம் வீட்ல இரு, அப்புறம் கூப்பிடுறோம்" என்பார்கள். சிலர் ஏஜென்சி பெயரை மாற்றி அதே ஆளை அதே மெஷினில் நிறுத்துவார்கள். தாளில் இது அழகாகத்தான் தெரியும். தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்த ஆளின் ஈ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப். யு.ஏ.என். எண்ணும் முழுக் கதையையும் சொல்லிவிடும். மேலும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, லே-ஆஃப் (வேலை இல்லாமல் தற்காலிகமாக நிறுத்திவைத்த காலம்), வேலையில் அடிபட்டுக் கிடந்த நாட்கள் எல்லாம் 480-க்குள் எண்ணப்படும் என்பதைத் தந்திரம் செய்கிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

என் யோசனை: இதற்கென உள்ள பதிவேட்டை உண்மையாக எழுதுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஓடும் எண்ணிக்கையை மாதம் ஒருமுறை பாருங்கள். 400 நாள் தாண்டியவர்கள் பட்டியலை முதலாளியிடம் கொடுத்து, "இவர்களில் யார் நமக்கு வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல வெல்டரை அனுப்பிவிட்டுப் புதியவருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுப்பதைவிட நிரந்தரமாக்குவது மலிவு. கணக்குப் போட்டுக் காட்டினால் பல முதலாளிகள் ஒப்புக்கொள்கிறார்கள்.

குறிப்பிட்ட கால ஒப்பந்தம் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் புதிய தொகுப்பில் அவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. நிரந்தர ஊழியருக்குள்ள சலுகைகளும் உண்டு. செலவு மிச்சம் என்று நினைத்து அதற்குள் போகாதீர்கள்.

ஆறாம் படி: பெண் ஊழியர்கள்

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரித்த பெண்களைப் பார்த்திருப்பீர்கள். 2021-ல் தமிழ்நாடு கடைச் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை கட்டாயம் என்றது. ஸ்டோர் ரூமில் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு, ஆய்வு வரும்போது மட்டும் எடுத்துப் போடுவது வேண்டாம். ஊழியர்களிடம் ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்.

24 மணி நேரமும் கடை திறக்க 2019-ல் முதலில் அனுமதி வந்து, மூன்று மூன்று ஆண்டாக நீட்டி, 2025-ல் மறுபடி நீட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு நிபந்தனை: இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்தால் எழுத்தில் ஒப்புதலும் உரிய பாதுகாப்பும் வேண்டும். கடைசி டவுன் பஸ் போனபிறகு சுத்தமல்லிக்கோ முன்னீர்ப்பள்ளத்துக்கோ அந்தப் பெண் எப்படிப் போவார் என்ற கேள்விக்கு உங்களிடம் வண்டி நம்பரோடு பதில் இருக்கவேண்டும்.

உள் குழுவுக்குத் தலைவராக மூத்த பெண் ஊழியர், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர், மொத்தத்தில் பாதியாவது பெண்கள். முதலாளியின் மனைவியை வெளி உறுப்பினராகப் போட்டிருந்த ஒரு ஆர்டரை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா நல்லவர்தான், ஆனால் அவர் எப்படி வெளியாள்? விசாரணை 90 நாளுக்குள் முடியவேண்டும். புகாரே வராவிட்டாலும் ஆண்டறிக்கை மாவட்ட அலுவலருக்குப் போகவேண்டும்.

ஏழாம் படி: வேலையிலிருந்து நீக்குவது

கடைச் சட்டத்தின் 41-வது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது. ஒழுங்கீனக் குற்றம் என்றால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் முறையாக என்கொயரி வைத்து, சாட்சியத்தோடு நிரூபித்திருக்கவேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். "நாளையிலேர்ந்து வராதே" என்று வாட்ஸாப்பில் அனுப்புகிற சூப்பர்வைசர்தான் அந்த மேல்முறையீட்டில் எதிர்த்தரப்புக்கு முதல் சாட்சி.

விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் 1981-ம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம் வரும். முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடித்தால் வீட்டில் இருப்பவருக்கு முழுச் சம்பளம் எண்ணிக் கொடுக்கவேண்டி வரும்.

எட்டாம் படி: சின்னக் கட்டணங்கள்

நல நிதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர் 20 ரூபாய், நிறுவனம் 40, அரசு 20. நம் பங்கு ஜனவரி 31-க்குள் வாரியத்துக்குப் போகவேண்டும். தலைக்கு 60 ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வாரியம்தான் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. நிறுவனம் கட்டாமல் விட்டதால் ஒரு லோடுமேன் மகள் மனுப் போட முடியாமல் போன வருடம், அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஃபாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மூன்று வருடமாக யாரும் வாங்காமல் கிடக்கும் சம்பளப் பாக்கியும் இந்த வாரியத்துக்குத்தான் போகவேண்டும். கம்பெனிக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சி அமைப்புக்கு. அதிகபட்சம் ஆண்டுக்கு 2,500 ரூபாய். வண்ணாரப்பேட்டைக் கடைக்கு மாநகராட்சி, அம்பாசமுத்திரம் கிளைக்கு நகராட்சி, ஊராட்சிக்குள் இருக்கும் ஆலைக்கு அந்த ஊராட்சி. எல்லாவற்றையும் மாநகராட்சியிலேயே கட்டிவிட்டு, பின்னால் ஊராட்சி நோட்டீஸ் வந்ததும் திகைக்கிறவர்கள் உண்டு.

ஆய்வு நாளன்று

அதிகாரி வந்தால் அலறவேண்டாம், அல்வா டப்பாவும் வாங்கவேண்டாம். பதிவுச் சான்று, விடுமுறைப் பட்டியல், சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, 480 நாள் பதிவேடு, நல நிதி ரசீது, உள் குழு ஆர்டர் ஏழும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி, பார்த்துப் பதில் தருவதாக எழுதிக் கொடுங்கள். முன்தேதியிட்டுப் பதிவேடு எழுதாதீர்கள். மூன்று மாதக் கையெழுத்தை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்டால் யாருக்கும் தெரியும். குறை எழுதிவிட்டுப் போனால், கொடுத்த நாளுக்குள் சரிசெய்து பதில் அனுப்பி, பதிவுத் தபால் ரசீதை அந்தக் குறிப்பின் பின்னாலேயே குத்தி வையுங்கள். அடுத்து வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.